அடிபட்ட ஆயில் சேம்பரை மாற்றுவது எப்படி? பெங்களூரில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் கார் ஓட்டுகிறவர்களுக்குக் காலடியில் ‘டங்’ என்று கேட்கும் அந்தச் சத்தம் பழக்கமானதுதான். மழைநீர் தேங்கிய குழிக்குள் கிடக்கும் கல், சாலை மட்டத்துக்கு மேல் துருத்தி நிற்கும் சாக்கடை மூடி, சிமெண்ட் சாலை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் விடப்பட்ட படி, அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்துக்கு இறங்கும் சரிவின் முனை என்று எதில் வேண்டுமானாலும் கார் தட்டலாம். இந்தியச் சாலை காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு வளைவாக ஏறி இறங்க வேண்டும். தெருவாசிகளே சிமெண்டைக் குழைத்துப் போட்ட தடைகள் எந்த அளவுக்கும் கட்டுப்பட்டவை அல்ல. சாதாரண ஹேட்ச்பேக் காரின் அடிப்பகுதி தரையிலிருந்து சுமார் 16, 17 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதுவும் கார் காலியாக நிற்கும்போது எடுத்த அளவு. பொங்கலுக்கு ஊருக்குப் போக ஐந்து பேர் ஏறி, டிக்கியையும் நிரப்பினால் அந்த இடைவெளி இன்னும் குறைந்துவிடும்.

எஞ்சினின் அடியில் தொங்கும் எண்ணெய்த் தொட்டியைத்தான் மெக்கானிக்குகள் ஆயில் சேம்பர் என்கிறார்கள். உதிரிபாகப் பட்டியலில் ஆயில் பான் என்றோ சம்ப் என்றோ இருக்கும். சின்னப் பெட்ரோல் கார்களில் 3 முதல் 4 லிட்டர் வரை எண்ணெய் இதில் நிற்கிறது. இதை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பொறுமையும் சுத்தமும் உள்ள யாரும், கார் இடம் கொடுத்தால், வீட்டிலேயே செய்யலாம். ஆனால் இந்த வேலையில் எஞ்சின்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் ஸ்பானர் பிடிக்கத் தெரியாததால் அல்ல, அவசரத்தால்தான். அடிபட்ட பிறகும் ஓட்டிப் போகிற அவசரம் ஒன்று. பழைய பசையைச் சரியாகச் சுரண்டாமல் புதிய சேம்பரை மாட்டுகிற அவசரம் இன்னொன்று.

அடிபட்டவுடன் செய்ய வேண்டியது

ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துக் குனிந்து, முன்பகுதிக்குக் கீழே பாருங்கள். ஏ.சி. ஓடியிருந்தால் தண்ணீர் சொட்டும்; அது தெளிவாக இருக்கும், விரலில் தொட்டால் வழுக்காது. எண்ணெய் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும், விரலில் ஒட்டிக்கொண்டு வழுக்கும். டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு அளவைப் பாருங்கள். எண்ணெய் சொட்டினாலோ, அளவு கீழ்க்கோட்டுக்குக் கீழே போயிருந்தாலோ, எஞ்சினை மறுபடி இயக்கக் கூடாது. “பக்கத்தில்தானே வீடு, மெதுவாகப் போய்விடலாம்” என்ற எண்ணம் வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

சேம்பருக்குள் மூழ்கியிருக்கும் ஸ்ட்ரெய்னர் என்ற சல்லடை வழியாகத்தான் ஆயில் பம்ப் எண்ணெயை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. கிராங்க் தண்டும் அதன் பேரிங்குகளும் ஒன்றையொன்று தொடாமல் சுழல்வது அந்த எண்ணெய்ப் படலத்தின் தயவில்தான். டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் எண்ணெய் குறைந்திருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது அழுத்தம் விழுந்துவிட்டது என்பதைச் சொல்லும் விளக்கு. அது எரிகிறபோது பேரிங் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருக்கிறது. அதன் பிறகு ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும், சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய வேலையை எஞ்சினையே பிரிக்கிற வேலையாக மாற்றக்கூடும்.

காப்பீட்டுக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. வழக்கமான சொந்தச் சேதப் பாலிசி, அடியால் நேரடியாக உண்டான சேதத்துக்குப் பணம் தரும். எண்ணெய் இல்லாமல் ஓட்டியதால் எஞ்சின் இறுகிப்போனால் அது பின்விளைவு இழப்பு என்று ஒதுக்கப்படும். எஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகச் சேர்த்த பிரிவு இருந்தால்தான் பேச இடமுண்டு, அதன் நிபந்தனைகளையும் படித்திருக்க வேண்டும். ஆகவே நின்ற இடத்திலேயே கல்லையும் தரையில் ஒழுகிய எண்ணெயையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காரை அப்படியே ஏற்றிச் செல்லும் தட்டு லாரியை அழையுங்கள். பாலிசியிலேயே சாலை உதவி சேர்ந்திருக்கலாம், பாருங்கள். உரிமை கோரினால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். முதல் ஆண்டில் 20 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை ஏறும் சலுகை அது. சேம்பரின் விலையையும் இழக்கப்போகும் போனஸையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சேம்பர் மட்டும்தான் சேதம் என்றால் கையிலிருந்து செலவழிப்பதே பல நேரங்களில் லாபம்.

ஒட்டலாமா, மாற்ற வேண்டுமா

சேம்பரில் இரண்டு வகை உண்டு. தகட்டை அழுத்திச் செய்த இரும்புச் சேம்பர் அடிபட்டால் நசுங்கும். வார்ப்பு அலுமினியச் சேம்பர் விரிசல் விடும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும். எம்-சீல் போன்ற பசையை வெளியே அப்பி விரிசலை அடைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பட்டறை வரை கொண்டுபோய்ச் சேர்க்க அது உதவலாம். அதை நம்பி ஓசூர் தாண்டக் கூடாது. அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல கை என்றால் நிற்கும். ஆனால் சூட்டில் விளிம்பு வளைந்துவிட்டால் பிறகு எத்தனை பசை போட்டாலும் ஒழுகும். புதிய சேம்பர் கிடைக்கிற கார் என்றால் மாற்றிவிடுவதையே நான் சொல்வேன்.

ஒழுகாமல் நசுங்கி மட்டும் இருந்தால் பலர் விட்டுவிடுகிறார்கள். இது ஆபத்தான அலட்சியம். ஸ்ட்ரெய்னருக்கும் சேம்பரின் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறைவு. குழி மேல்நோக்கி உள்ளே போயிருந்தால் ஸ்ட்ரெய்னரின் வாய் அடைபடும், அல்லது அதன் குழாயே வளைந்திருக்கும். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் முழுதாகத் தெரியும். பம்புக்குப் போதிய எண்ணெய் கிடைக்காது. ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, அதாவது ஐடிலில், ஆயில் விளக்கு மினுக்கினாலோ, எஞ்சினின் மேலிருந்து ‘டக் டக்’ என்ற டப்பெட் சத்தம் புதிதாகக் கேட்டாலோ தாமதிக்காமல் கழற்றிப் பார்க்க வேண்டும்.

எல்லாக் கார்களிலும் இதை வீட்டில் செய்ய முடியாது. கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். சேம்பரின் எல்லா போல்ட்டும் கண்ணுக்குத் தெரிந்து, ராட்செட் நுழைய இடம் இருந்தால் நல்லது. குறுக்குச் சட்டம் தடுத்தால், எஞ்சினைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சட்டத்தை இறக்க வேண்டியிருக்கும். அந்த வேலை பட்டறைக்குரியது. சைலன்சரின் முன்குழாய் மட்டும் குறுக்கே வந்தால் கழற்றலாம், ஆனால் அதன் நட்டுகள் துருப்பிடித்திருக்கும். முந்தின நாளே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். சில எஞ்சின்களில் மேல் சேம்பர், கீழ்ச் சேம்பர் என்று இரண்டு துண்டு இருக்கும். அடிபடுவது பெரும்பாலும் கீழ்த்துண்டு. அது மட்டும் என்றால் வேலை சுலபம்.

வாங்க வேண்டியவை

டவுன் ஹால் பக்கமிருந்து மினர்வா சர்க்கிள் வரை நீளும் ஜே.சி. ரோட்டில் கார் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கன்னடம் இன்னும் கைவராத புதியவர்கள் தயங்க வேண்டாம். தமிழில் கேட்டாலே பதில் சொல்லும் கடைகள் நிறைய. ஆனால் காரின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே பெயரில் பெட்ரோல், டீசல், பழைய மாடல், புதிய மாடல் என்று வெவ்வேறு சேம்பர்கள் உண்டு. பதிவுச் சான்றிதழில் உள்ள 17 எழுத்து சேசிஸ் எண்ணைக் காட்டி பாக எண்ணை உறுதிசெய்யச் சொல்லுங்கள். முடிந்தால் அடிபட்ட சேம்பரின் படத்தையும் காட்டுங்கள்.

சிவாஜிநகர்ப் பக்கம் குஜிரி எனப்படும் பழைய சாமான் கடைகளில் பழைய சேம்பர் பாதி விலைக்குக் கிடைக்கலாம். வாங்கினால் இரண்டு சோதனை செய்யுங்கள். விளிம்பைக் கீழாக வைத்து கடப்பைக் கல் மீதோ கண்ணாடித் தகடு மீதோ உட்கார வையுங்கள். எங்காவது ஆடினால் வேண்டாம். எண்ணெயை வடிக்கத் திறக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கையாலேயே கடைசி வரை திருகிப் பாருங்கள். பாதியில் முரண்டு பிடித்தால் மரை போயிருக்கிறது.

இவற்றோடு புதிய ட்ரெயின் வாஷர், ஆயில் ஃபில்டர், உங்கள் கையேடு சொல்லும் தரத்தில் எஞ்சின் ஆயில், பேக்கிங் அல்லது சிலிக்கான் பசை, பிரேக் கிளீனர் ஸ்ப்ரே, பிளாஸ்டிக் சுரண்டி, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகள், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை வேண்டும். ஆயில் 5டபிள்யூ-30 என்றிருந்தால் அதையே வாங்குங்கள். கெட்டியான ஆயில் எஞ்சினைக் காக்கும் என்று கடைக்காரர் சொன்னாலும் மாற்றாதீர்கள். பேக்கிங் வைக்கும் எஞ்சினா, பசை மட்டும் போடும் எஞ்சினா என்பதைச் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். பேக்கிங்கின் இரு பக்கமும் பசையைப் பூசுகிற பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. கையேடு சொல்லும் மூலைகளைத் தவிர மற்ற இடத்தில் அது பேக்கிங்கை வழுக்கி வெளியே தள்ளிவிடும்.

சனிக்கிழமை காலையில் தொடங்கினால் ஞாயிறு மதியம் ஓட்டலாம். அதற்கு எல்லாப் பொருளும் வெள்ளிக்கிழமையே கையில் இருக்கட்டும்.

காரைத் தூக்குவது

இந்தப் பகுதியில் எந்தச் சமாதானமும் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே தலையை விடாதீர்கள், ஒரு நொடிக்குக்கூட. சமமான சிமெண்ட் தரை வேண்டும். மண்ணிலோ, அசையும் கற்கள் பதித்த தரையிலோ வேண்டாம். கைப்பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி, கையேடு காட்டும் இடங்களில் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வையுங்கள். பிறகு நின்றுகொண்டே காரைப் பலமாக உலுக்கிப் பாருங்கள். அசையாமல் நின்றால், ஸ்டெப்னி சக்கரத்தையும் பக்கவாட்டுச் சட்டத்துக்கு அடியில் தள்ளிவிட்டு உள்ளே போங்கள். வீட்டில் இன்னொருவர் பக்கத்தில் இருக்கட்டும். குடியிருப்பின் அடித்தளத்தில் செய்வதாக இருந்தால் சங்கத்தின் அனுமதியை முன்பே வாங்குங்கள். பல இடங்களில் அங்கே பழுது பார்க்க விடமாட்டார்கள்.

கழற்றுவது

பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். எண்ணெய் ஓரளவு மிதமான சூட்டில் இருந்தால் நன்றாக வடியும். ஆனால் ஏற்கெனவே ஒழுகிய காரைச் சூடாக்குவதற்காக இயக்கக் கூடாது. குளிர்ந்த எண்ணெய் வடியக் கூடுதல் நேரம் கொடுத்தால் போதும். ட்ரெயின் போல்ட் பல கார்களில் 17 எம்.எம். தலை கொண்டது, 14, 19 உள்ளவையும் உண்டு. கீழே அகலமான பாத்திரம் வைத்து, போல்ட்டைக் கடைசி மரை வரை உள்நோக்கி அழுத்தியபடியே திருகிச் சட்டென்று எடுங்கள்.

எண்ணெய் வடிகிற நேரத்தில் ஒரு அட்டையை எடுத்துச் சேம்பரின் வடிவத்தை வரைந்துகொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அதே இடத்தில் அட்டையில் குத்தி வையுங்கள். பெரும்பாலும் 10 எம்.எம். தலை உள்ள எம்6 போல்ட்டுகள்தான், ஆனால் எல்லாம் ஒரே நீளம் அல்ல. கியர்பாக்ஸ் பக்கம் இருப்பவை நீளமாக இருக்கலாம். நீளமானதைக் குட்டையான துளையில் முறுக்கினால் எஞ்சின் பிளாக்கின் மரையே போய்விடும். ஆயில் அளவு சென்சாரின் கம்பி இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். முன்னும் பின்னுமாக இரண்டு போல்ட்டுகளைச் சில மரைகளில் விட்டுவைத்தால், பசை விட்டதும் சேம்பர் முகத்தில் விழாது.

எல்லா போல்ட்டும் வந்த பிறகும் சேம்பர் அசையாது. பசை பிடித்திருக்கும். இங்கேதான் திருப்புளியை நடுவில் விட்டு நெம்பத் தோன்றும். பிளாக் அலுமினியமாக இருந்தால் அந்த ஒரு நெம்பு நிரந்தரத் தழும்பாகிவிடும், அந்த வழியாகவே எண்ணெய் கசியும். பல சேம்பர்களில் நெம்புவதற்கென்றே மூலையில் ஒரு காது விட்டிருப்பார்கள், அதைத் தேடுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய தகடை மூலையில் செருகி, பசையை அறுத்தபடி சுற்றி வாருங்கள். ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள்.

கீழே இறக்கியதும் சேம்பரின் அடியில் தங்கிய எண்ணெயை வெளிச்சத்தில் பாருங்கள். பழைய பசைத் துணுக்குகள் இருந்தால் ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவுங்கள், அதன் ஓ-ரிங்கை மாற்றுங்கள். ஸ்ட்ரெய்னர் வளைந்திருந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும். எண்ணெயில் ஜிகினாபோல் உலோகத் துகள் மினுங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். அது பேரிங் தேய்ந்த அடையாளம். புதிய சேம்பர் மாட்டி அதை மறைக்க முடியாது. நல்ல மெக்கானிக் பார்க்க வேண்டும்.

சேம்பர் பொருந்தும் முகம் சுத்தமாக வேண்டும்

மொத்த வேலையில் பாதி நேரம் இதற்குத்தான். அல்சூரில் எனக்குத் தெரிந்த ஒரு மூத்த மெக்கானிக் பிளாக்கின் விளிம்பைத் துடைத்து முடித்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெறும் விரலால் சுற்றி வருவார். விரல் எங்கே தடுக்கிறதோ அங்கே மறுபடி சுரண்டுவார். “கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும் தம்பி” என்பார். போல்ட் துளைகளுக்கு இடையில் உள்ள குறுகிய பகுதியில்தான் அவர் விரல் அதிகம் நிற்கும். அந்த இடத்தில் நகக்கண் அளவு பழைய பசை ஒட்டியிருந்தாலும் சேம்பர் அங்கே தூக்கிக்கொள்ளும்.

பிளாஸ்டிக் சுரண்டியையே பயன்படுத்துங்கள். உப்புத்தாளும், கிரைண்டரில் மாட்டும் தேய்ப்பு வட்டும் வேண்டாம். அவற்றிலிருந்து உதிரும் பொடி எண்ணெயோடு கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். பனியன் வேஸ்டை வெளிப்பக்கம் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். நூல் பிரியும் துணி எஞ்சினின் உள்பக்கம் போகக் கூடாது. உள்ளே நூல் பிரியாத துணிதான். போல்ட் துளைகளிலும் எண்ணெய் நிற்கக் கூடாது. பிறகு பிரேக் கிளீனரைத் துணியில் நனைத்து விளிம்பைத் துடையுங்கள். பிளாக்கிலிருந்து எண்ணெய் மணிக்கணக்கில் சொட்டிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரம் சொட்டவிட்டு, பசை போடுவதற்குச் சற்று முன் கடைசியாக ஒருமுறை துடைத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சேம்பரையே திரும்ப மாட்டுவதாக இருந்தால், போல்ட் துளைகளைச் சுற்றித் தகடு புடைத்திருக்கும். மரக்கட்டை மீது வைத்துச் சிறு சுத்தியலால் தட்டிச் சமமாக்குங்கள்.

பசையும் முறுக்கும்

அனபாண்ட், த்ரீபாண்ட், லாக்டைட் என்று எதுவானாலும், எண்ணெயைத் தாங்கும் எஞ்சின் சிலிக்கானாக இருக்க வேண்டும். 3 அல்லது 4 எம்.எம். கனத்தில் அறுபடாத ஒரே கோடாக, போல்ட் துளைகளின் உள்பக்கமாக இழுத்து வாருங்கள். முன்பக்க மூடியும் பிளாக்கும் சேரும் கோட்டிலும், பின் ஆயில் சீல் தாங்கி சேரும் கோட்டிலும் ஒரு பொட்டு கூடுதலாக வையுங்கள். ஒழுகினால் முதலில் அங்கேதான் ஒழுகும். மற்ற இடத்தில் தாராளம் வேண்டாம். வெளியே பிதுங்கும் அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும். அந்தத் துண்டு உதிர்ந்து ஸ்ட்ரெய்னரில் போய் நிற்கும்.

பசை தோல் கட்டுவதற்குள், சில நிமிடங்களில், சேம்பரை நேராகத் தூக்கி வைக்க வேண்டும். வைத்த பிறகு நகர்த்தக் கூடாது. தலையில்லாத இரண்டு நீளப் போல்ட்டுகளை எதிரெதிர் மூலைகளில் முன்பே திருகி வைத்தால் அவற்றின் வழியே சேம்பர் நேராக ஏறும். எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் பிடிக்கவிடுங்கள். பிறகு நடுவிலிருந்து தொடங்கி, எதிரெதிராக வெளிநோக்கி, இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்குங்கள். எம்6 போல்ட்டுக்கு வழக்கமாக 8 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். உங்கள் எஞ்சினுக்கான சரியான எண் கையேட்டில் இருக்கும். இது மிகச் சின்ன முறுக்கு. முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் அதை வாடகைக்கோ இரவலாகவோ வாங்கிக்கொள்வது நல்லது. நீளக் கைப்பிடி ராட்செட்டால் பலத்தைக் காட்டினால் மரை போகும், விளிம்பும் வளையும். புதிய வாஷரோடு ட்ரெயின் போல்ட்டைப் போட்டு, ஃபில்டரை மாற்றி, அன்றிரவு காரை அப்படியே விட்டுவிடுங்கள். பசை முழுதாக உறைய எத்தனை மணி நேரம் என்று அதன் குழாயிலேயே எழுதியிருக்கும்.

மறுநாள் கையேட்டில் உள்ள அளவுக்குச் சற்றுக் குறைவாக ஆயில் ஊற்றி டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். கியரை நியூட்ரலுக்கு மாற்றி, பாட்டரியை இணைத்து எஞ்சினை இயக்குங்கள், ஆக்ஸிலேட்டரைத் தொடாதீர்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். பத்து நொடி ஆகியும் எரிந்தால் உடனே அணைத்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். அணைந்தால் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, ஓரத்தில் நின்றபடி முகம் பார்க்கும் கண்ணாடியும் டார்ச்சும் கொண்டு விளிம்பு முழுவதும் பாருங்கள். எஞ்சினை நிறுத்திச் சிறிது நேரம் கழித்து, காரைச் சமதளத்தில் இறக்கி, ஆயிலை மேல்கோடு வரை நிரப்புங்கள். அதற்கு மேல் ஊற்றினாலும் கெடுதிதான்.

வடித்த எண்ணெய் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. தெருவோரச் சாக்கடையில் ஊற்றினால் அது ராஜகாலுவே என்ற பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக பெல்லந்தூர், வர்த்தூர் போன்ற ஏரிகளுக்குத்தான் போய்ச் சேரும். புதிய ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி மூடி, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கழிவு எண்ணெய் அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள். தருகிறவரிடம் பலர் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

முதல் வாரம் முழுவதும் இரவில் காருக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் பொட்டு தெரிந்தால், உடனே போல்ட்டை இன்னொரு சுற்று முறுக்கப் போகாதீர்கள். உறைந்த பசை மேலும் இறுக்கினால் நசுங்கிக் கிழியும். சேம்பரை நன்றாகத் துடைத்து, விளிம்பில் முகப்பவுடரைத் தூவி, கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். எங்கே ஈரக்கோடு தொடங்குகிறதோ அதுதான் கசியும் இடம். கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்கு மேலிருந்து கோடு இறங்கினால், அது சேம்பர் அல்ல, கிராங்கின் பின் ஆயில் சீலாக இருக்கலாம். விளிம்பிலிருந்தே இறங்கினால் ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் வடித்துவைத்து, சேம்பரைக் கழற்றி, சுரண்டுவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.